யாழ்ப்பாணம் – சென்னை: தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு?

கேள்வி, 2 பெப்ரவரி 2025

அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அவருக்கு 71 வயது. நெடுநேரம் உட்கார்ந்திருக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 353 என்கிறார்கள், ஓரிடத்தில் 219, இன்னோரிடத்தில் 191, வேறோரிடத்தில் 380. பறக்கும் நேரம் நாற்பது நிமிடம்தான் என்று ஒருவர் சொன்னார். பயணச்சீட்டில் ஒன்றேகால் மணிக்கும் மேலாகப் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

2 பெப்ரவரி 2025, இரவு

நீங்கள் பார்த்த நான்கு எண்களில் மூன்று ஒரே தூரத்தையே சொல்கின்றன. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் இடையில் நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 353 கிலோமீற்றர் வரும். அதைத் தரை மைலில் சொன்னால் 219. விமானிகளும் கப்பலோட்டிகளும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 191. ஒரு கடல் மைலுக்கு 1,852 மீற்றர், தரை மைலுக்கு ஏறத்தாழ 1,609 மீற்றர். வெறுமனே ‘மைல்’ என்று எழுதிவிட்டு எந்த மைல் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வாசிப்பவர் இரண்டு வேறு தூரங்கள் என்று நினைத்துக்கொள்கிறார்.

380 என்பது மட்டும் வேறு கணக்கு. அது யாழ் நகரின் நடுவிலிருந்து சென்னை சென்ட்ரல் பக்கம் வரையிலான நேர்கோடு. பலாலி, நகருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. மீனம்பாக்கம், சென்னை நகரின் மையத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. விமான நிலையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து அமைந்திருப்பதால் வானத்தில் 27 கிலோமீற்றர் குறைகிறது. ஆனால் அந்த 27ஐ நீங்கள் கடக்காமல் இருக்கப் போவதில்லை. ஒரு முனையில் முச்சக்கரவண்டியிலும் மறுமுனையில் வாடகைக் காரிலும் அதைக் கடப்பீர்கள், அதுவும் வளைந்து நெளிந்து, நேர்கோட்டைவிடக் கூடுதலாக.

என் சொல்லை நம்பத் தேவையில்லை, நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பலாலியின் அகலாங்கு 9.79 பாகை, மீனம்பாக்கத்தின் அகலாங்கு 12.98 பாகை. வித்தியாசம் 3.19. நம்முடைய பகுதியில் அகலாங்கில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீற்றர். இரண்டையும் பெருக்கினால் 353 வந்துவிடும். நெட்டாங்கில் இரண்டு இடங்களும் கிட்டத்தட்ட ஒன்றின் நேர்மேலே ஒன்று (80.07, 80.16) என்பதால் கிழக்கு மேற்கு வித்தியாசத்தை இந்தக் கணக்கில் விட்டுவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

3 பெப்ரவரி 2025

நேரத்துக்கு வருகிறேன். நாற்பது நிமிடம் என்று சொன்னவர் வகுத்தல் கணக்குப் போட்டிருக்கிறார். இந்த வழியில் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானம். அது உயரத்தில் நிலைத்துப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீற்றர் வேகத்தில் போகும். 353ஐ 510ஆல் வகுத்தால் 41 நிமிடமும் சில விநாடிகளும். கணக்கில் பிழையில்லை. ஆனால் எந்த விமானமும் புறப்பட்ட நொடியிலிருந்து இறங்கும் நொடிவரை அந்த வேகத்தில் போவதில்லை.

என் அக்காவின் சிகிச்சைக்காக 2023 முதல் இந்த வழியில் அவரோடு போய் வந்துகொண்டிருக்கிறேன். முதற்பயணத்தில், பக்கத்தில் அமர்ந்திருந்த அக்கா “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. அடுத்த பயணத்திலிருந்து ஒரு சிறு கொப்பியில் நேரங்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். சென்னையிலிருந்து திரும்பிய ஒரு நாளின் குறிப்பு இது: கதவு அடைத்தது 10.22. விமானம் அசைந்தது 10.31. சக்கரம் தரையை விட்டது 10.47. பலாலியில் சக்கரம் தரையைத் தொட்டது 11.43. நின்றது 11.47.

ஆக, காற்றில் இருந்தது 56 நிமிடம். அசைந்ததிலிருந்து நின்றது வரை 76 நிமிடம். பயணச்சீட்டில் அச்சிடப்படுவது இந்த இரண்டாவது எண்ணின் இனத்தைச் சேர்ந்தது. நிறுத்திடத்திலிருந்து விமானம் அசையும் நேரத்தில் தொடங்கி, மறுமுனை நிறுத்திடத்தில் நிற்கும் நேரத்தில் முடியும். அதிலும் சற்றுத் தாராளமாகவே போடுகிறார்கள், மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருக்க நேர்வதால்.

41க்கும் 56க்கும் இடையிலான பதினைந்து நிமிடம் எங்கே போனது என்பதை எனக்குத் தெரிந்தவரை பிரித்துப் பார்த்தேன். ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 18 நிமிடம் ஆகிறது. அந்த நேரம் முழுவதும் வேகம் குறைவு, அங்கே நான்கு நிமிடம் போகிறது. இறங்கும்போது இரண்டு நிமிடம். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பிய பிறகு கடைசிப் பத்துக் கடல் மைல்களை மணிக்கு ஏறத்தாழ 120 கடல் மைல் வேகத்தில் மெல்லக் கடப்பதில் மூன்று நிமிடம். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடப்பது. நாம் போக வேண்டியதோ தெற்கே. எந்த முனையிலிருந்து எழும்பினாலும் திரும்பித்தான் ஆக வேண்டும். பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடப்பதால் அங்கும் ஒரு வளைவு. இந்த இரண்டு வளைவுகளுக்குமாக நான்கு நிமிடம். மீதி இரண்டு நிமிடத்தைக் காற்றின் கணக்கில் எழுதுகிறேன்.

3 பெப்ரவரி 2025, சற்றுப் பிந்தி

ஏன் வேகமான ஜெட் விமானத்தை விடவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு காரணம், பலாலியில் இப்போது பயன்படும் ஓடுபாதையின் நீளம் ஏ.டி.ஆர். அளவு விமானத்துக்கே பொருந்துகிறது. ஆனால் ஓடுபாதை நீண்டு ஜெட் வந்தாலும் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு நேரம் மிஞ்சாது. 191 கடல் மைல் என்பது ஜெட் விமானத்துக்கு மிகக் குறுகிய தூரம். முப்பதாயிரம் அடிக்குப் போக வேண்டுமானால் இறங்குவதற்கே ஏறத்தாழ 90 கடல் மைல் தேவைப்படும் (ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு). ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. இரண்டையும் கூட்டினால் வழி தீர்ந்துவிடும், முழு வேகத்தில் நிலைத்துப் பறக்க இடமே இருக்காது. பத்தாயிரம் அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைல் என்ற வேகக் கட்டுப்பாடும் உண்டு. மிஞ்சுவது பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து.

5 பெப்ரவரி 2025

காற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஏ.டி.ஆர். மெல்லப் போகும் விமானம் என்பதால் காற்று அதை ஜெட்டைவிடக் கூடுதலாகப் பாதிக்கும். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 275 கடல் மைல். தென்மேற்குப் பருவக்காற்று 30 கடல் மைல் வேகத்தில் எதிரே வீசினால் மிஞ்சுவது 245. 191ஐ 245ஆல் வகுத்தால் ஏறத்தாழ 47 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 38 நிமிடத்துக்கும் குறைவு. ஆகவே ஆடி ஆவணி மாதங்களில் சென்னையிலிருந்து வரும்போது ஐந்து நிமிடம் கூடும், சென்னைக்குப் போகும்போது நான்கு நிமிடம் குறையும்.

6 பெப்ரவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு பிழை. கடற்றொழில் செய்யும் ஒரு வாசகர் அதைச் சரியாகப் பிடித்துவிட்டார். தென்மேற்குக் காற்று தெற்கு நோக்கிப் போகும் விமானத்துக்கு நேர் எதிரே வீசுவதில்லை. வலப்பக்க முன்மூலையிலிருந்து வீசுகிறது. 30 கடல் மைல் காற்றில் நேர் எதிராக நிற்கும் பங்கு ஏறத்தாழ 21 மட்டுமே. 191ஐ 254ஆல் வகுத்தால் 45 நிமிடம். ஆகவே கூடுவது ஐந்து நிமிடமன்று, மூன்றரை. மீதிப் பங்கு விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். விமானி மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பிப் பிடித்துச் சமாளிப்பார். படகு ஓட்டுபவருக்குக் கையில் பழகிய இந்த உண்மையை நான் தாளில் தவறவிட்டேன். அவருக்கு நன்றி.

7 பெப்ரவரி 2025

“கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒன்றே கால், ஒன்று இருபது; பலாலியிலிருந்தும் அதே அளவுதானே, பிறகு எதற்குப் பலாலி?” என்ற கேள்வியைப் பார்த்தேன். இதைச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை. பறக்கும் நேரம் என்ற எண் எவ்வளவு தூரம் ஆளை ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவிலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் ஏறத்தாழ 642 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து பலாலி 290. பலாலியிலிருந்து மீனம்பாக்கம் 353. 290ஐயும் 353ஐயும் கூட்டுங்கள்: 643. நேராகப் போனால் 642, பலாலியைத் தொட்டுப் போனால் 643. அதாவது கொழும்புக்கும் சென்னைக்கும் இடையில் ஒரு நூலைப் பிடித்தால் அது பலாலி ஓடுபாதைக்கு ஆறேழு கிலோமீற்றர் மேற்காக, நம் தலைக்கு மேலாகவே போகும்.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து சேவை தொடங்கும்வரை யாழ்ப்பாணத்தவருக்கு நேர்வழி இருந்ததே இல்லை. அதற்கு முன்பு நாங்கள் என்ன செய்தோம்? வடக்கே போவதற்காகத் தெற்கே போனோம். மாலை ஏழு மணிக்குப் பேருந்தில் ஏறி, இரவு முழுவதும் ஏறத்தாழ 370 கிலோமீற்றர் கால் மடக்கி உட்கார்ந்து, விடியற்காலை மூன்றரைக்குக் கட்டுநாயக்கவில் இறங்கி, வரிசையில் நின்று, ஏழு மணி விமானத்தில் ஏறி, வந்த வழியையெல்லாம் வானத்தில் திருப்பிக் கடந்து, பிறந்த ஊருக்கு மேலாகப் பறந்து, சென்னையில் இறங்கினோம். 353 கிலோமீற்றர் தள்ளி இருந்த ஊருக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றர்.

அந்தப் பயணத்தில் விமானம் பறந்த நேரம் ஒன்றேகால் மணிதான். அது யாருக்கு ஆறுதல்?

9 பெப்ரவரி 2025

முந்தைய குறிப்பை எழுதிய பிறகு இரண்டு நாளாக ஒரு காட்சி மனதை விட்டுப் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். 2011இல் கொழும்பு வழியாகச் சென்னைக்குப் போனபோது எனக்கு வலப்பக்கச் சன்னல் இருக்கை கிடைத்தது. காலை வேளை, முகில் இல்லை. புறப்பட்டு அரை மணியளவில் கீழே ஒரு வெளிர்பச்சை நீர்ப்பரப்பு வந்தது; அதில் விரலால் கோடு இழுத்ததுபோல ஒரு வீதி. யாழ் நகரின் பண்ணைப் பாலம் என்று புரிய எனக்குச் சில விநாடிகள் ஆயின. முந்தின இரவு அந்தப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பேருந்து நிலையத்தில்தான் ஏறியிருந்தேன். பதின்மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அதே இடத்துக்கு மேலே வந்திருக்கிறேன். பக்கத்திலிருந்த அக்காவை எழுப்பிக் காட்டினேன். அவர் சன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துவிட்டு, “வீட்டுக்கு மேலேயா நிற்கிறோம்?” என்று கேட்டார்.

தூரத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

10 பெப்ரவரி 2025

பழைய பயணச்சீட்டுகளை வைத்து நேரத்தைக் கணக்கிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இலங்கையும் இந்தியாவும் இப்போது ஒரே நேரத்தில் இருக்கின்றன. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996இல் இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணி நேரம், அதே ஆண்டின் ஒக்டோபரில் அரை மணியாகக் குறைத்தது. அந்த அரை மணி வித்தியாசம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது.

என் தந்தையார் 2003இல் சென்னைக்குப் போய்வந்த பயணச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கொழும்பில் புறப்பாடு 7.30, சென்னையில் வருகை 8.20. திரும்பும்போது சென்னையில் 10.15, கொழும்பில் 12.05. போக ஐம்பது நிமிடம், வர ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது என்ற விளக்கத்தோடு. இரண்டு பக்கமும் ஒரு மணி இருபது நிமிடம்தான். அவ்வப்போது எங்கேனும் “சென்னைக்கு ஐம்பது நிமிடம்” என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அந்தக் காலத்துச் சீட்டின் நினைவாக இருக்கலாம்.

12 பெப்ரவரி 2025

மூத்த வாசகர் ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. ஏழாம் திகதிக் குறிப்பில் “நேர்வழி இருந்ததே இல்லை” என்று நான் எழுதியது முழுப் பிழை. மன்னிக்கவும். நேர்வழி இருந்தது, பிறகு இல்லாமற்போனது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே 1947 டிசெம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியை அடுத்த காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. அது டி.சி. 3 வகை டகோட்டா விமானம், பெயர் ‘சீதாதேவி’. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பே யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் வான்வழி திறந்துவிட்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் அந்தச் சேவை ஓய்ந்து, போர் வந்து பலாலி படைத்தளமாகி, மீண்டும் பயணி ஒருவர் அங்கிருந்து சென்னைக்கு விமானம் ஏற நான்கு பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. 2019இல் தொடங்கியதும் நான்கு மாதத்தில் கொள்ளைநோயால் நின்று, 2022 டிசெம்பர் 12 அன்றுதான் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனமும் இந்த வழியில் சேர்ந்தது.

டகோட்டாவின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். என் கைக்கணக்கில் 353 கிலோமீற்றருக்கு ஒரு மணியும் சில நிமிடங்களும். ஏற்ற இறக்கம் சேர்த்தால் ஒன்றேகால் மணிக்கும் சற்று மேலே. இன்றைய விமானம் அதைவிட இருபது நிமிடம் விரைவு. இடையில் நாம் இழந்த ஆண்டுகளை வைத்துப் பார்க்கும்போது இந்த வழியில் நேரத்தைத் தீர்மானித்தது விமானத்தின் வேகம் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓடுபாதை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே தீர்மானித்தது.

15 பெப்ரவரி 2025

கப்பலைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் நேர்கோட்டில் 107 கிலோமீற்றரளவு. 2023 ஒக்டோபர் 14 அன்று பயணிகள் சேவை தொடங்கியது. கடலில் நான்கு மணி நேரம் வரை ஆகும். அங்கிருந்து சென்னைக்குத் தரைவழியாக மேலும் 300 கிலோமீற்றர். தஞ்சாவூர், நாகூர், வேளாங்கண்ணிப் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல வழி. கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னை போகும் 71 வயது அம்மாவுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

தனுஷ்கோடி வழியாகப் போன பழைய படகு இரயிலை (இரயிலும் கப்பலும் மாறிப் போகும் வழி) நினைவுபடுத்தியவருக்கும் நன்றி. 1914இல் தொடங்கிய அந்த வழி 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. என் பாட்டனார் முறையானவர் ஒருவர் அதில் போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவரிடம் நேரத்தைக் கேட்டுவைக்காதது இன்றுவரை எனக்கு வருத்தம்.

20 பெப்ரவரி 2025

இதுவரை எழுதியதை மறுபடி வாசித்தபோது, எல்லாப் பயணமும் குறித்த நேரத்தில் முடிவதுபோல் ஓர் எண்ணத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. அப்படி இல்லை.

ஒரு கார்த்திகை மாதம் சென்னையிலிருந்து திரும்பினோம். பலாலிக்கு மேலே வந்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். சன்னலில் சாம்பல்நிறத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. விமானம் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து வட்டமிட்டது. மழை சன்னலின் குறுக்கே கோடுகோடாக ஓடியது. ஒருமுறை இறங்கப் பார்த்து, இயந்திரம் உறுமிக்கொண்டு மீண்டும் மேலே ஏறியது. இருபத்தைந்து நிமிடம் அப்படிச் சுற்றியபின் சென்னைக்கே திரும்பினோம். என் கொப்பியில் அன்றைய குறிப்பு: காற்றில் 2 மணி 10 நிமிடம், இறங்கிய இடம், புறப்பட்ட இடம். மறுநாள் பிற்பகல்தான் ஊர் வந்து சேர்ந்தோம். விமானி செய்தது முற்றிலும் சரி. ஆனால் அக்காவின் மாத்திரைகள் பயணப்பொதிக்குள் இருந்தன, பொதி எங்கள் கைக்கு வர இரவு ஆகிவிட்டது. ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த வழியில் போகிறவர்கள் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். வைத்தியரைச் சந்திக்கும் நேரத்தை இறங்கும் நாளிலேயே வாங்காதீர்கள்.

27 பெப்ரவரி 2025

பயணத்தை மார்ச் நடுப்பகுதிக்கு உறுதிசெய்துவிட்டதாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்ல காலம்; மழை ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் காற்று தொடங்கியிராது. ‘மொத்தம் எத்தனை மணி நேரம் அம்மா வீட்டுக்கு வெளியே இருப்பார்?’ என்று கேட்டிருக்கிறார். முதல் நாளே நான் விடை சொல்லியிருக்க வேண்டிய கேள்வி இதுதான். எண்களின் பின்னால் போய்விட்டேன்.

எங்கள் கடைசிப் பயணத்தை அப்படியே தருகிறேன். நல்லூரில் வீட்டைவிட்டுப் புறப்பட்டது காலை 9.10. பலாலிக்குள் நுழைந்தது 9.50. பொதி கொடுத்து, குடிவரவு முடித்துக் காத்திருந்து, விமானம் அசைந்தது 12.05. மீனம்பாக்கத்தில் நின்றது 1.20. குடிவரவு வரிசையும் பொதியும் ஐம்பது நிமிடம். வெளியே வந்து காரில் ஏறி, தங்குமிடத்தின் கதவைத் திறந்தது 3.10. மொத்தம் ஆறு மணி நேரம். அதில் காற்றில் இருந்தது ஒரு மணிக்கும் குறைவு.

கொழும்பு வழியாகப் போன பழைய பயணத்தில் இதே கணக்கு: மாலை 7 மணி முதல் மறுநாள் காலை 10.30 வரை, பதினைந்தரை மணி நேரம். காற்றில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இருபது நிமிடம்கூட வராது. வீட்டுக் கதவிலிருந்து அளந்தால் ஒன்பதரை மணி நேரம். அந்த ஒன்பதரை மணிக்குள் ஓர் இரவுத் தூக்கம் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் போகும் வயதானவருக்கு அந்த ஓர் இரவு எவ்வளவு பெரியது என்று அக்காவோடு இரண்டு விதமாகவும் போன எனக்குத் தெரியும். 2011இல் சென்னையில் இறங்கியபோது அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். கடந்த முறை, என் கையைப் பிடித்துக்கொண்டு தானே படியிறங்கினார்.

1 மார்ச் 2025

மீதமிருந்த சிறு கேள்விகள்.

ஏ.டி.ஆர். விமானத்தில் பயணிகள் ஏறுவது வாற்பக்கக் கதவால். படிகள் குறைவு, ஆனால் ஒடுக்கமானவை, கைப்பிடி மெல்லியது. நீங்கள் அம்மாவுக்குப் பின்னால் நின்று ஏறுங்கள். இறங்கும்போது நீங்கள் முன்னால். பின்வரிசை இருக்கை கிடைத்தால் உள்ளே நடக்கும் தூரம் மிச்சம், சுழல்விசிறியின் இரைச்சலும் அங்கே குறைவு.

எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்டிருக்கிறீர்கள். போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். இரண்டுமே மேற்குப் பக்கம். நேர்கோட்டில் போனால் கோடிக்கரையும் பிறகு புதுச்சேரியும் இருபத்தைந்து முப்பது கிலோமீற்றர் தள்ளி அந்தப் பக்கமாகக் கடந்து போகும், தெளிவான நாளில் கரை ஒரு மணல்நிறக் கோடாகத் தெரியும். பிற்பகல் விமானமானால் வெயிலும் அதே பக்கம்தான், சிகிச்சைக்குப் பிறகு திரும்பும்போது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள் அல்லது அந்த ஒரு முறை மட்டும் இடப்பக்கம் உட்காரவையுங்கள்.

இறக்கை கூரைக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் சன்னலிலிருந்து கீழே பார்க்க எந்தத் தடையும் இல்லை. இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உள்ள வரிசையில் இருந்தால் சக்கரமும் தெரியும். இறங்கும்போது அது மெல்லக் கீழே வந்து, அசையாமல் தொங்கி, ஓடுபாதையைத் தொட்டதும் ஒரு சிறு புகை எழும்பிச் சுழலத் தொடங்கும். என் கொப்பியில் நேரத்தை அந்தப் புகையைப் பார்த்துத்தான் குறிக்கிறேன். உங்கள் பயணத்தின் நேரங்களையும் குறித்து வந்து இங்கே எழுதுங்கள். மார்ச் மாதக் குறிப்பு என்னிடம் ஒன்றுகூட இல்லை.

24 மார்ச் 2025

போய் வந்தவர் அனுப்பிய நேரங்களைப் பதிந்துகொண்டேன். பலாலியிலிருந்து சென்னைக்குக் காற்றில் 54 நிமிடம், திரும்பும்போது 57. வீட்டிலிருந்து தங்குமிடம்வரை ஆறு மணி இருபது நிமிடம். கூடுதல் இருபது நிமிடமும் சென்னை வீதியில். அம்மாவுக்கு இடக்கண் கட்டு அவிழ்த்தாயிற்று என்றும், திரும்பும்போது கரையை அவரே முதலில் பார்த்துச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்.